'நன்றி: இணையம்' என்பது யாருக்குச் சொல்லும் நன்றி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தின் மூலைமுடுக்குகளில் கிடைக்கும் விந்தைச் செய்திகளையும் அரிய படங்களையும் பழைய காணொளிகளையும் தொகுத்துத் தங்கள் நாளிதழ் வாரந்தோறும் வெளியிட்டுவரும் பக்கம் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். அப்பக்கத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தை உருப்படியான செய்திகளுக்கு ஒதுக்கலாம் என்று வாசகர்கள் சிலர் இதே கடிதப் பகுதியில் கேட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கையைத் தாங்கள் ஏற்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். இரண்டாவது வேண்டுகோள் சற்று நீளமானது. அப்பக்கத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு துணுக்கின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சாகும் 'நன்றி: இணையம்' என்ற இரண்டு சொற்களைப் பற்றியது.

முதலில் பக்கத்துக்காகப் பேசிவிடுகிறேன். இன்று கைபேசியைத் திறந்தால் நம் கண்ணில் காட்டப்படுவது, நேற்று நாம் எதைப் பார்த்தோமோ அதன் இன்னொரு பதிப்புதான். பூனையைப் பார்த்தவருக்குப் பூனையே வந்துகொண்டிருக்கும். அரசியல் சண்டையைப் பார்த்தவருக்கு அதைவிடப் பெரிய அரசியல் சண்டை வரும். நாம் தேடாததும், தேடவேண்டும் என்றே நமக்குத் தோன்றாததுமான ஒன்று நம்மிடம் வந்து சேரும் வழி நாளுக்கு நாள் அடைபட்டு வருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர்கூடக் கேள்விப்படாத ஏதோவொரு தளத்தில் கொண்டுபோய் நிறுத்திய 'ஸ்டம்பிள்அப்பான்' என்ற சேவை 2001இல் தொடங்கி, 2018 ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. பூமி உருண்டையைத் திரையில் சுழற்றி, பச்சைப் புள்ளி தெரியும் ஊரின் வானொலியை அந்த நொடியிலேயே கேட்கவைக்கும் 'ரேடியோ கார்டன்' போன்ற சில தளங்கள் அந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. என்றாலும், ஒரு மனிதர் உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழெட்டுப் பொருள்களைத் தம் ரசனையால் தேர்ந்தெடுத்து, விண்மீன் கூட்டத்தையும் காப்பிக் குடுவையையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைப்பதற்கு ஈடான கணினி நிரல் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. தங்கள் பக்கத்தின் சிறப்பு அதுவே. துணுக்கு என்றால் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் பத்திரிகையைக் கையில் எடுத்தவுடன் முதலில் துணுக்கைத் தேடிப் படித்துவிட்டுத்தான் தலையங்கத்துக்குப் போகிறோம் என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

இனி குறைக்கு வருகிறேன். முகவரி கேட்டவருக்குத் 'தெருவில்' என்று பதில் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இருக்கிறது 'நன்றி: இணையம்' என்பது. இணையம் படம் எடுப்பதில்லை, ஆய்வு செய்வதில்லை, பழைய படச்சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசு தட்டுவதுமில்லை. இவற்றைச் செய்தவர் யாரோ ஒருவர். பெரும்பாலும் அவருடைய பெயர் எளிதில் கிடைக்கக்கூடியதாகவே இருக்கிறது. நன்றி சொல்வதுபோலத் தோன்றிக்கொண்டே நன்றி சொல்லவேண்டியவரின் பெயரை அழித்துவிடுகிறது இந்த வாசகம். வாட்ஸ்அப்பில் வரும் 'படித்ததில் பிடித்தது', 'யாரோ எழுதியது, அருமை, பகிருங்கள்' ஆகியவற்றுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் பகிர்பவர் பத்திரிகையாளர் அல்லர்; தாங்கள் பத்திரிகையாளர்.

பெயர் போனால் என்ன, செய்தி இருக்கிறதே என்று கேட்கலாம். பெயர் போகும்போது செய்தியும் சேர்ந்துதான் போகிறது என்பதைத் தங்கள் பக்கத்தில் வந்த ஒரு துணுக்கை வைத்தே காட்ட முடியும். 'ஆஸ்திரேலியாவில் ஒரு விஞ்ஞானி தாரைப் புனலில் ஊற்றி வைத்தார். நூறாண்டுகளாக அது சொட்டிக்கொண்டிருக்கிறது. உலகின் மிகப் பழைய ஆய்வு இதுவே' என்பது அதன் சாரம். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆய்வில் சுவையானது எதுவோ அது முழுவதும் வடிகட்டப்பட்டுவிட்டது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927இல் தார் வகைப் பொருளான கீலைச் சூடாக்கி, அடி மூடிய கண்ணாடிப் புனலில் ஊற்றினார். அது படிந்து அமர்வதற்கு மூன்றாண்டுகள் காத்திருந்து, 1930இல் புனலின் அடிப்பகுதியை வெட்டித் திறந்தார். சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடிய பொருள், தண்ணீரைவிடச் சுமார் 23,000 கோடி மடங்கு பிசுக்குமை (எளிதில் ஓடாத தன்மை) கொண்ட ஒரு திரவம் என்று மாணவர்களுக்குக் காட்டுவதே அவர் நோக்கம். முதற்சொட்டு விழ 1938 வரை ஆயிற்று.

இதற்குப் பிறகுதான் கதையே தொடங்குகிறது. 1961 முதல் இந்த ஆய்வைக் காத்துவந்த ஜான் மெயின்ஸ்டோன் என்ற பேராசிரியர், ஒரு சொட்டாவது விழும் கணத்தைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று விரும்பினார். 1979இல் விழுந்தபோது அது வார இறுதி. அவர் வீட்டில் இருந்தார். 1988இல் அருகிலேயே காத்திருந்தவர், ஏதேனும் குடித்துவிட்டு வரலாம் என்று சில நிமிடங்கள் வெளியே போனார். அதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. 2000இல் கேமரா பொருத்திவைத்திருந்தார்கள். சொட்டு விழுந்த நேரத்தில் கேமரா பழுதாகிக் காட்சி பதிவாகவில்லை. ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. மெயின்ஸ்டோன் அதற்கு முந்தைய ஆகஸ்டில் காலமாகிவிட்டார். அவர் மறைவதற்கு ஒரு மாதம் முன்பு, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1944இல் தொடங்கிய இதே போன்ற வேறோர் ஆய்வில் சொட்டு விழுவது முதன்முறையாகக் கேமராவில் சிக்கியிருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் துணுக்கின் அடியில் அச்சிட்டிருந்தால், ஆர்வமுள்ள வாசகர் ஒருவர் தேடிப்போய் இவ்வளவையும் படித்திருப்பார். அங்கே புனலின் நேரலைக் காட்சியையும் பார்த்திருப்பார். 'உலகின் மிகப் பழைய ஆய்வு' என்ற அடைமொழியைக்கூட அவரே திருத்தியிருப்பார். ஆக்ஸ்ஃபோர்டில் 1840 முதல் ஒலித்துக்கொண்டிருக்கும் மின்மணி ஒன்று இருக்கிறது.

ஆகவே, மூலத்தைக் குறிப்பது வெறும் மரியாதைக்காக மட்டும் அன்று. துணுக்கு ஒரு வாசல் என்றால் அதைத் திறக்கும் வழியை வாசகருக்குச் சொல்லிவைப்பதும் அதைத் தொகுப்பவரின் வேலைதான்.

சென்ற மாதம் தாங்கள் வெளியிட்ட சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்காட்சிப் படங்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. '120 ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணப்படம்' என்ற தலைப்பில் வந்தவை அவை. கேபிள் டிராமின் முன்பகுதியில் கேமராவை வைத்து, மார்க்கெட் தெரு நெடுகிலும் படகுத்துறைக் கட்டடம் வரை மைல்ஸ் சகோதரர்கள் எடுத்த சுமார் 13 நிமிடக் கறுப்பு வெள்ளை ஊமைப்படத்திலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகள் அவை. அவற்றில் தெரியும் நிறங்கள் அண்மைக் காலத்தில் கணினி ஊகித்துப் பூசியவை. அந்தப் பெண்ணின் பாவாடை நீலமா பழுப்பா என்பது எவருக்கும் தெரியாது. பல காலமாக இந்தப் படம் 1905ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றே குறிக்கப்பட்டிருந்தது. டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாசிரியர் அதை ஏற்காமல், படத்தை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தார். தெருவில் மழைநீர் தேங்கியிருந்தது. அந்த வாரங்களின் வானிலைச் செய்திகளைப் பழைய நாளிதழ்களில் தேடினார். மோட்டார் கார் ஒன்றின் பதிவெண் தெரிந்தது. அது எப்போது பதிவு செய்யப்பட்டது என்று பழைய ஆவணங்களில் பார்த்தார். இறுதியில், படம் 1906 ஏப்ரல் நடுவில், அந்நகரைத் தரைமட்டமாக்கிய ஏப்ரல் 18ஆம் தேதி நிலநடுக்கத்துக்குச் சில நாள்களே முன்பு எடுக்கப்பட்டது என்று நிறுவினார். படச்சுருள் அதற்குள் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டுவிட்டதால் பிழைத்தது. மைல்ஸ் சகோதரர்களின் ஸ்டூடியோ பிழைக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் இரண்டு வேறு அனுபவங்கள். தெருவைக் குறுக்கே கடக்கும் அந்தச் சிறுவனும், குதிரைவண்டிக்காரரும், டிராமைச் சுற்றிச் சுற்றி வந்து மீண்டும் மீண்டும் படத்தில் இடம்பிடிக்கும் சில மோட்டார் கார்களும் (போக்குவரத்து மிகுந்த நகரம் என்று காட்டப் படமெடுத்தவர்களே செய்த ஏற்பாடாக அது இருக்கலாம்) இன்னும் சில நாள்களில் என்ன ஆகப்போகிறார்கள் என்பதை நாம் அறிவோம், அவர்கள் அறியமாட்டார்கள். 'வண்ணப்படம்' என்ற ஒற்றைச் சொல் பிழை என்பதைவிட, இந்தச் செய்தி வாசகருக்குப் போய்ச் சேரவில்லை என்பதே என் வருத்தம்.

மூலமில்லாத துணுக்கு உண்மையின் சுவையை இழப்பதோடு நிற்பதில்லை. பொய்க்கும் எளிதில் இரையாகிறது. வெள்ளம் புகுந்த நெடுஞ்சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துவதாக ஒரு படம் எங்கே புயல் அடித்தாலும் சுற்றுக்கு வரும். 2011இல் புவேர்ட்டோ ரிக்கோ வெள்ளத்தின்போது பரவத் தொடங்கிய அது, பின்னர் எத்தனையோ ஊர்களின் பெயரில் வந்துவிட்டது. அந்தச் சுறா வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. தாமஸ் பெஷாக் என்ற ஒளிப்படக் கலைஞர் தென்னாப்பிரிக்கக் கடலில், சிறு படகில் செல்லும் ஓர் ஆய்வாளரைப் பெருவெள்ளைச் சுறா பின்தொடர்வதை எடுத்த படம் அது. அது முற்றிலும் உண்மையான படம். உண்மையான வியப்பை வெட்டி எடுத்துப் பொய்யான வியப்பு ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் கொடுமை. இதன் மறுபக்கமும் நடந்தது. 2022 செப்டம்பரில் இயன் புயலின்போது ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் பகுதியில், வெள்ளம் சூழ்ந்த வீட்டுப் புறக்கடையில் சுறா போன்ற மீன் ஒன்று துள்ளுவதாகக் காணொளி வந்தது. பழைய புரளிதான் என்று பலரும் ஒதுக்கினார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதை எடுத்தவரைத் தேடிப்பிடித்து, மூலக் கோப்பில் பதிந்திருந்த நேரத்தையும் சரிபார்த்து, காணொளி உண்மையே என்று அறிவித்தது. எடுத்தவர் யார், எப்போது எடுத்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்ததும் வழக்கு முடிந்துவிட்டது. மீன் சுறா மாதிரி இருக்கிறதா, தண்ணீர் தண்ணீர் மாதிரி இருக்கிறதா என்று படத்தை உற்றுப்பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் இரண்டு பக்கத்திலும் ஏமாந்தார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் 'அரிய பழைய புகைப்படங்கள்' பெருகிவிட்டன. படத்தைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை அவை முற்றிலும் கலைத்துவிட்டன. ஆறு விரல் இருக்கிறதா என்று எண்ணிப்பார்க்கும் காலம் போய்விட்டது. எந்த ஆவணக் காப்பகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்பது ஒன்றுதான் மிச்சம். மேற்கோள்களின் கதையும் இதுவே. தேனீக்கள் மறைந்தால் மனித இனத்துக்கு நான்கே ஆண்டுகள் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒன்று வந்துகொண்டே இருக்கும். அவர் எங்கே எழுதினார், எப்போது பேசினார் என்று எவரும் காட்டியதில்லை.

மூலத்தோடு பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 2007 ஜூலையில் 'கேலக்சி சூ' என்ற தளம் தொடங்கப்பட்டது. தொலைநோக்கி எடுத்த பத்து லட்சம் அளவிலான விண்மீன் மண்டலப் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டி, இது சுருள் வடிவமா நீள்வட்டமா என்று வகைப்படுத்தித் தருமாறு வானியலாளர்கள் கேட்டார்கள். 'குவீன்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவரும்கூட. அவர் தம் வலைத்தளத்தில் இதைப் பற்றிக் குறிப்பிட்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹன்னி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கேலக்சி சூவுக்கு வந்தார். வந்தவர், ஐசி 2497 என்ற மண்டலத்துக்கு அடியில் நீலத் திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். நிபுணர்களுக்கும் தெரியவில்லை. பெரிய தொலைநோக்கிகள் அப்பக்கம் திரும்பின. ஹபிள் தொலைநோக்கி எடுத்த படம் 2011 ஜனவரியில் வெளியானது. ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அது, அண்மையில் மங்கிவிட்ட ஒரு குவாசரின் (விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான மையம்) ஒளி பட்டு இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் மாபெரும் வாயுத் திரள். அண்மையில் என்றால் வானியல் கணக்கில். இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள். இன்று அது அந்த ஆசிரியையின் பெயரிலேயே வழங்கப்படுகிறது.

இசைக் கலைஞர் ஒருவர் சுவையான ஒன்றைப் பகிர்ந்தார், இசை ரசிகை ஒருவர் அதைத் தொடர்ந்துபோனார், வானியலில் புதிய பொருள் ஒன்று கிடைத்தது. இப்படியொரு சங்கிலி உருவாவதற்கு வெவ்வேறு துறைகள் ஒரே பக்கத்தில் உரசிக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கத்தை நிறுத்தச் சொல்லும் நண்பர்கள் இதைக் கருத வேண்டும். அதே சமயம், ஹன்னி பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் வானத்தில் அதன் இருப்பிடத்தைச் சொல்லும் குறியீடு இருந்தது. அதனால்தான் அவர் 'இது என்ன' என்று கேட்டபோது 'எது' என்று திருப்பிக் கேட்கவேண்டிய தேவை வானியலாளர்களுக்கு ஏற்படவில்லை. 'அழகான விண்வெளிப் படம், நன்றி: இணையம்' என்று அது கையிலிருந்து கைக்கு வந்திருந்தால், அந்த நீலத் திட்டு அழகான படமாகவே நின்றிருக்கும்.

விந்தைகளைத் தொகுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இந்த ஒழுங்கை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் மாணவராக இருந்தபோது 1964இல் எண்வரிசைகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1973இல் அது 2,372 வரிசைகள் கொண்ட புத்தகமாயிற்று. இணையத்துக்கு வந்து இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நான்கைந்து எண்களைத் தட்டினால் போதும், அவை எந்தெந்த வரிசைகளில் வருகின்றன என்று காட்டும் அந்தக் கலைக்களஞ்சியத்தில், விளையாட்டுத்தனமான வரிசைகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எழுதி அனுப்பியவரின் பெயரும் உண்டு. தமிழிலும் இந்த மரபு இல்லாமல் இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் எதைத் திறந்தாலும், மூலநூலைத் தந்தவர் யார், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று முகப்பிலேயே நன்றி சொல்லியிருக்கும். அங்கிருந்து பாடலை மட்டும் நகலெடுத்து, அந்த நான்கு வரிகளை வெட்டிவிட்டுப் பகிர்வதில்தான் நாம் கெட்டிக்காரர்களாக இருக்கிறோம்.

சட்டப்படியும் இதில் ஒரு சங்கடம் உண்டு. இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கும் படங்களில் பெரும்பகுதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. எவரும் பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம். பதிலுக்குப் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, எடுத்தவரின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்பதே. இலவசமாகக் கிடைக்கும் அத்தகைய படத்துக்குக் கேட்கப்படும் இந்தச் சிறு விலையையும் கொடுக்காமல் 'நன்றி: இணையம்' என்று போடுவது அந்த உரிமத்தை மீறுவதாகும். 'நன்றி: கூகுள்' என்று போடுவது அதைவிட வேடிக்கை. கூகுள் படத்தைக் காட்டியது, வைத்திருப்பவர் வேறொருவர்.

நடைமுறையில் இது கடினம் என்று தங்கள் ஆசிரியர் குழு கருதக்கூடும். நீண்ட வலைமுகவரிகளை அச்சிட்டால் பாதிப் பத்தி அதற்கே போய்விடும், கையால் தட்டச்சு செய்யவும் எவராலும் முடியாது என்பது உண்மையே. முகவரி தேவையில்லை. படைத்தவர், ஆண்டு, வைத்திருக்கும் நிறுவனம் என்ற மூன்று சொற்கள் கிடைத்தால் வாசகர் தேடிக்கொள்வார். இடம் இருந்தால் பக்கத்தின் மூலையில் ஒரே ஒரு க்யூஆர் கோடு அச்சிட்டு, அந்த வாரத்தின் எல்லா இணைப்புகளையும் தங்கள் தளத்தில் ஒரே இடத்தில் வைக்கலாம். குறுக்கு முகவரிச் சேவைகளை மட்டும் நம்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சேவை மூடப்பட்டால் அதைச் சார்ந்த இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போகும்.

இணைப்புகள் சாவது பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற வலைப்பக்கச் சேவையை மூடியபோது, தனிமனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய லட்சக்கணக்கான பக்கங்கள் இல்லாமல் போகவிருந்தன. தன்னார்வலர்கள் ஓடியாடிச் சேமித்தவரை மிஞ்சியது. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' இத்தகைய பக்கங்களின் பழைய நகல்களை வைத்திருக்கிறது; நாம் கொடுக்கும் முகவரியையும் அப்போதே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். துணுக்கை அச்சுக்கு அனுப்பும் உதவி ஆசிரியர் அதன் மூலப் பக்கத்தை அங்கே சேமிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்தாண்டுக்குப் பின் தங்கள் பழைய இதழைப் புரட்டும் ஒருவருக்கு, அந்த ஒரு நிமிடம் பெரிய உதவியாக இருக்கும்.

மூலத்தைத் தேடிப்பார்த்தால் சில துணுக்குகள் நிற்காமல் போகும், பக்கம் நிரம்பாது என்ற அச்சமும் இருக்கலாம். சில நிற்காது என்பது சரிதான். ஆனால் நிரம்பாது என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு துணுக்கின் மூலத்துக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது. 1993இல் இணையத்தில் காட்டப்பட்ட முதல் நேரலைக் காட்சிகளில் ஒன்று கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தின் காப்பிக் குடுவை என்று ஒரு வரியில் எழுதலாம். மூலத்துக்குப் போனால், மாடி ஏறி வந்து காலிக் குடுவையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஆய்வாளர்கள் 1991இலேயே அந்தக் கேமராவைப் பொருத்தியதும், 2001 ஆகஸ்டில் அதை அணைத்தபின் அந்தப் பழைய குடுவையை ஜெர்மனியின் ஸ்பீகல் இதழின் இணையப் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்ததும் கிடைக்கும். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தின் மங்கலான நகல் ஒன்றைப் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத் தளத்துக்குப் போனால், 8,439 படங்களை ஒன்றாக இணைத்து உருவாக்கி 2022இல் வெளியிட்ட 71,700 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட படத்தில், 1642இல் தீட்டிய வண்ணத்தின் வெடிப்புகளையே எண்ணலாம். ஒன்று தேடப்போனால் மூன்று கிடைக்கிறது. பக்கம் போதாமல் போகுமே தவிர நிரம்பாமல் போகாது.

வாசகர்கள் அனுப்பும் துணுக்குகளையும் தாங்கள் வெளியிடுகிறீர்கள். அவற்றுக்கும் இதே நிபந்தனையை வைக்கலாம்: எங்கே கண்டது என்று குறிப்பிடாமல் வருபவற்றை ஏற்பதில்லை என்று பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி அறிவித்தால், முதல் சில வாரங்களுக்குத் தபால் குறையும். பிறகு வருபவை தேடிப்பார்த்த பிறகு வருபவையாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும் உடனே செய்ய இயலாவிட்டாலும், சென்ற மாதச் சான் ஃபிரான்சிஸ்கோ படங்களுக்கு மட்டும் அடுத்த வாரம் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'மைல்ஸ் சகோதரர்கள், 1906. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். வண்ணம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது' என்று அச்சிட்டால் போதுமானது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்